அண்ணி போட்ட திருத்தம்

அத்தியாயம் 14

போன வாரம் ஃப்ரிட்ஜுக்குள் தக்காளிக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு இருந்தது. அதை எடுத்துக் கழுவி வாசலில் கொண்டுபோய் வைத்தவள் அண்ணி. அன்றைக்கு மத்தியானமே, தான் வேலை பார்க்கும் மையத்தின் தளத்துக்கு வந்திருந்த ஒரு பதிவில் அதே செருப்பை, அதே தக்காளிக்குப் பக்கத்தில் மறுபடியும் பார்த்தாள். எழுதியவர் பெயர் 'ஜன்னலோரம்' என்று இருந்தது. ஜன்னலோரம் வேறு யாரோ இல்லை, ஒரே வீட்டில் ஒரே குக்கர் சோறு சாப்பிடும் நாத்தனார் சின்னுதான் என்று அவளுக்கு உறைத்த இடத்தில் கதையை விட்டிருந்தோம்.

செருப்போடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். கடைசிப் பத்தியில் வேறு ஒன்று இருந்தது.

'முன்பு வேலை பார்த்த விடுதியிலேயே என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஒண்ணாம் தேதி கிளம்புகிறேன். அண்ணனுக்கும் அண்ணன் மனைவிக்கும் இன்னும் சொல்லவில்லை.'

அன்றிலிருந்து அண்ணி அந்தப் பதிவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வெளியிடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.

அவள் வேலை பார்ப்பது மறதி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மையத்தில். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதட்டும், மற்றவர்கள் படிக்கட்டும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் உதவும் என்று மையம் ஒரு தளம் நடத்துகிறது. புனைபெயரில் எழுதலாம். பதிவு முதலில் அண்ணியிடம் வரும்; அவளுக்கு மையத்தில் வேலை என்ற அளவில்தான் சின்னுவுக்குத் தெரியும், இது தெரியாது. ஊர், பேர், தொழில் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இருந்தால் எடுத்துவிடுவாள். புரியாத இடத்தைப் புரியவைப்பாள். திருத்தியதை எழுதியவருக்கே அனுப்பி, அவர் 'சம்மதம்' என்று அழுத்தினால்தான் வெளியிடுவாள். வாரம் முழுக்க வந்த பதிவுகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடலாகச் சேர்ந்து எல்லா உறுப்பினருக்கும் போய்விடும்.

இன்னொரு விதியும் உண்டு. எழுதியவர் தெரிந்த ஆளாக இருந்தால் அந்தப் பதிவை ஆசிரியர் தொடக்கூடாது, வேறொருவரிடம் கொடுத்துவிடவேண்டும். அந்த விதியை எழுதிச் சேர்த்ததே அண்ணிதான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

காலையில் சமையலறையில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் தெம்பு வேண்டாமா? மாமாவுக்கு, அதாவது சின்னுவின் அப்பாவுக்கு, மறதி வந்த இத்தனை வருஷத்தில் பேச்சு தேய்ந்துகொண்டே போய், பால், மாத்திரை, சாவி என்ற அளவில் வந்து நின்றுவிட்டது.

"மாத்திரை?"

"குடுத்தாச்சு."

"சாவி?"

"ஆணியில."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணி டப்பாவில் மத்தியானச் சாப்பாட்டை அடைத்தாள். சின்னு தட்டில் இட்டதைப் பிசைந்துகொண்டு ஹாலுக்குப் போனாள்.

ஹாலில் மாமா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கினவர்கள். 'மாஸ்டர்' என்றால் எல்லாருக்கும் தெரியும். இப்போது ஹாலில் போட்ட மர நாற்காலிதான் அவர் வண்டி, எதிரில் யார் வந்தாலும் அவர்தான் மாணவர்.

"கண்ணாடியப் பாத்தியா?" என்றார் பையை மாட்டிக்கொண்டு நின்ற மருமகளிடம்.

"பாத்தேன் மாமா."

"பொய். பாக்கவே இல்ல. இறங்கு கீழ."

சின்னு அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினாள். அவர் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. உடனே ஸ்பூனை அப்படியே நிறுத்திவிட்டாள். கால் தளர்ந்த பிறகுதான் ஊட்டினாள். அது அவர் பிரேக். அந்த நேரத்தில் ஊட்டினால் துப்பிவிடுவார், பேசினால் தட்டைத் தள்ளிவிடுவார். இதைக் கண்டுபிடித்தது டாக்டர் யாரும் இல்லை, சின்னுதான். கண்டுபிடிப்பதற்குள் அவள் துவைத்த சேலைகளுக்குக் கணக்குக் கிடையாது.

நாற்பதைத் தாண்டியவளுக்குச் சின்னு என்ற பேர் ஒட்டிக்கொண்டே நிற்கிறது. பெரிய பெண்கள் விடுதி ஒன்றுக்கு வார்டனாக இருந்தவள். அப்பாவுக்கு வழி தப்பிப்போக ஆரம்பித்ததும், ஒரு மாசம் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியோடு வந்தாள். அந்த மாசம் இன்னும் முடியவில்லை. யாரும் அவளை இரு என்று சொன்னதில்லை. போ என்று சொன்னவரும் இல்லை. நம் வீடுகளில் இப்படித்தான் ஒரு ஆளை விழுங்கிவிடுகிறோம்.

அண்ணி வாசலில் செருப்பைத் தேடினாள். இருந்தது. ஃப்ரிட்ஜில் இல்லாத வரைக்கும் நல்லது.

"வரேன்," என்றாள் பொதுவாக.

"சரி," என்றாள் சின்னு, அதுவும் பொதுவாக.

பஸ்ஸில் நின்றுகொண்டே அண்ணி கணக்குப் போட்டாள். இந்தப் பதிவு வெளியானால் இன்று சாயங்காலமே மடலில் போகும். மடல் அவள் வீட்டுக்காரருக்கும் வரும். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பொழுது விடியும்முன் கிளம்பினால் நாள் முழுக்க ஏதாவது ஒரு கட்டிடத்தின் இருட்டுக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். தளம் ஆரம்பித்தபோது தலை எண்ணிக்கை காட்டவேண்டும் என்று ஊழியர்கள் அவரவர் வீட்டாரை உறுப்பினராகச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவர். 'ஏணி' என்று பேர் வைத்துக்கொண்டார். சேர்ந்த மற்ற புருஷர்கள் அதை மறந்துபோனார்கள், இவர் மட்டும் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்தால் சோபாவில் காலை நீட்டி, மடலை ஒரு வரி விடாமல் படிப்பார். ஊரான் வீட்டுத் துக்கத்துக்கு உச்சுக்கொட்டுவதில் ஒரு சுகம்.

படித்தால் தெரிந்துபோகும். தெரிந்தால் வீட்டில் கூச்சல் வரும். கூச்சல் ஓய்ந்த பிறகு, சின்னு போய்விட்டால் மாமாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நடு ஹாலில் வந்து நிற்கும். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லாமலே எல்லார் கண்ணும் அண்ணியின் பக்கம் திரும்பும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவேண்டியவள் அவள்தான். இந்த வேலை ஒன்றுதான் அவளுக்கு மூச்சுவிட இருக்கிற இடம்.

இறங்கவேண்டிய இடம் தாண்டி ஒரு நிறுத்தம் போய்விட்டது. வெயிலில் திரும்பி நடந்தாள்.

மையத்தில் டாக்டரம்மா அவளுக்காகவே காத்திருந்த மாதிரி வந்து மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். மையத்துக்குத் தலைவி அவர்தான். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம்.

"இந்த வாரம் மடல் வத்திப்போயிருக்கே. ரெண்டே பதிவு. ஆனா வரிசையில ஒண்ணு நிக்குது. ஜன்னலோரம். என்ன பிரச்சன?"

"கொஞ்சம் திருத்தம் இருக்கு மேடம்."

"ஒரு வாரமாவா?"

அண்ணி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடிவைத்தாள்.

"நான் படிச்சேன்," என்றார் டாக்டரம்மா. "நம்ம தளத்துல எல்லாரும் எப்படிப் பாத்துக்கறதுன்னு எழுதறாங்க. பாத்தது போதும்னு எழுந்து போறவங்க இருக்காங்கல்ல, அவங்க யாரும் எழுதறதில்ல. வெக்கப்படறாங்க. இதுதான் மொதல் பதிவு. எனக்கு இது இன்னிக்குப் போகணும்."

"சரி மேடம்."

"அந்தக் கால் விஷயம் மட்டும் புரியல. அப்பா காலால தரைய அழுத்துவார், நான் நிறுத்திடுவேன்னு எழுதியிருக்காங்க. என்ன அது, வலிப்பா? தசை இழுக்குதா? படிக்கறவங்க பயந்துடுவாங்க. கேட்டுத் தெளிவாப் போடுங்க. உங்களுக்கு நேரமில்லன்னா கண்ணாடிக்காரர்கிட்ட குடுங்க, அவர் பாத்துப்பார்."

கண்ணாடிக்காரர் என்பது பக்கத்து மேஜையில் இருக்கும் இன்னொரு ஆசிரியர். விதிப்படி பதிவு அவரிடம்தான் போயிருக்கவேண்டும். இதுதான் சமயம், ஒரு வார்த்தை சொன்னால் பாரம் இறங்கிவிடும்.

"இல்ல மேடம், நானே முடிச்சுடறேன்," என்றாள் அண்ணி. சொன்னபிறகு தன் வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

பதிவைத் திறந்தாள். கீழே கடிதப் போக்குவரத்து இருந்தது. இந்த வாரத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடந்த நீளமான பேச்சு இதுதான்.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவுக்கு, என் பதிவு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளலாமா? ஏதும் தவறாக எழுதிவிட்டேனா?'

'அன்புள்ள உறுப்பினருக்கு, தவறு எதுவும் இல்லை. உங்கள் பதிவு பரிசீலனையில் இருக்கிறது. பிறரைக் கவனிக்கும் நீங்கள் உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் குழு.'

'உங்கள் அக்கறைக்கு மிகவும் நன்றி. என் உடம்பைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை.'

கடைசி வரியை மட்டும் அண்ணி திரும்பத் திரும்பப் படித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன வரி எல்லாப் பதிலிலும் தானாகவே ஒட்டிக்கொண்டு போவது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அதை அனுப்பியிருக்கிறாள். வீட்டில் சின்னு தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு நடமாடியபோது அவள் கேட்டது, 'பால் வந்துடுச்சா?'

சரி, வேலையைப் பார்ப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். செருப்பை எடுத்துவிட்டு 'ஒரு பொருள்' என்று போட்டாள். 'விடுதியிலேயே' என்பதை 'இடத்திலேயே' ஆக்கினாள். தக்காளியை விட்டுவைத்தாள். தக்காளி யார் வீட்டிலும் இருக்கும்.

கால் விஷயத்துக்கு வந்தாள். எழுதியவரைக் கேட்டுத் திருத்தச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கேட்பதற்கு என்ன இருக்கிறது? தினமும் காலையில் கண்ணால் பார்க்கிறாள். கை பாட்டுக்கு ஓடியது. 'காரில் பிரேக்கை மிதிப்பதுபோல அப்பா வலது காலால் தரையை அழுத்துவார். அந்த நேரம் நான் ஊட்டுவதையும் பேசுவதையும் நிறுத்திவிடுவேன்.' படித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. இந்த வாரத்தில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று தோன்றியது.

பிறகு கடைசிப் பத்தி. 'ஒண்ணாம் தேதி கிளம்புகிறேன்.'

அண்ணி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக அழித்துவிட்டு, 'கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று அடித்தாள். சின்ன மாற்றம்தான். திரையில் பார்க்க லட்சணமாகவே இருந்தது. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது. களைத்துப்போன ஒருத்தி வாயைத் திறந்து சொன்ன ஒரே வார்த்தையில் கைவைக்கிறோமே, இதைவிடத் திருட்டு என்ன இருக்கிறது? பழைய வரியையே திரும்ப அடித்தாள். அந்த அளவுக்கு அவள் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த ஓரம் வரைக்கும் போய் எட்டிப்பார்த்துவிட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருத்தியதை 'உங்கள் சம்மதத்துக்கு' என்று அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தாள். இறங்கவில்லை. கண்ணாடிக்காரர் தன் பங்கு ஆரஞ்சில் பாதியை நீட்டினார். சுளை சுளையாகப் பிரித்து வைத்தாளே தவிர, வாயில் போடவில்லை.

மாமா தூங்கும் நேரம் அது. சின்னு போனை எடுப்பாள். சம்மதம் என்று அழுத்துவாள், வெளியிட வேண்டியதுதான். அல்லது கடைசி நிமிஷத்தில் மனசு மாறி, பதிவே வேண்டாம் என்று எழுதுவாள். அப்படி எழுதிவிட்டால் என்று அண்ணியின் மனசு ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டது. அதை அவள் தடுக்கவும் இல்லை.

பதில் வந்தது.

'ஆசிரியர் குழுவுக்கு, ஒரு சந்தேகம். நான் பிரேக் என்று எழுதவில்லை. என் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்றுகூட எங்கேயும் எழுதவில்லை. வீட்டுக்கு வரும்போது பால் வாங்கிக்கொண்டு வரவும்.'

அண்ணி ஒருமுறை படித்தாள். மறுமுறை படித்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. கண்ணாடிக்காரர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, தலைவலி, சீக்கிரம் போகிறேன், மிச்சத்தை வீட்டிலிருந்தே முடித்துவிடுகிறேன் என்றாள். மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

எத்தனை பதிவில் எத்தனை பேருடைய அடையாளத்தை மறைத்திருக்கிறாள்! தன் அடையாளத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிற்கிறாள்.

வீட்டில் மாமா விழித்துக்கொண்டிருந்தார்.

"லேட்டு," என்றார். "உனக்கு முன்னாடி வந்தவனெல்லாம் எட்டு போட்டுட்டுப் போயிட்டான்."

"நாளைக்குப் போடறேன் மாமா," என்று சொல்லிவிட்டு அண்ணி சமையலறைக்குள் போனாள்.

சின்னு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அண்ணி பால் பாக்கெட்டை மேடையில் வைத்தாள்.

"பால்," என்றாள்.

"ம்."

கத்தி பலகையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சின்னு கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள் சின்னு.

"செருப்பு வந்த அன்னிக்கே."

"ஒரு வாரமா ஒரே அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருக்கோம் அண்ணி. நீங்க ஒரு வார்த்த கேக்கல."

"கேக்கல."

"உடம்பப் பாத்துக்கோங்கன்னு எழுதினது நீங்கதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். களைப்பில் பொய்கூட வரவில்லை. "அது எல்லாருக்கும் போற வரி சின்னு. தானா போகும்."

சின்னு சிரித்தாள். சிரிப்பு என்றுதான் சொல்லவேண்டும். "அத நெனச்சு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். முகம் தெரியாத எவளோ ஒருத்தி நம்ம உடம்பப் பத்திக் கேக்கறாளே, யார் பெத்த புள்ளையோன்னு."

அண்ணி முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை.

"நான் நேராவே சொல்லிடறேன்," என்றாள். "பயந்துட்டேன். நீ போனா நான்தான் உக்காரணும். உங்கண்ணன் உக்கார மாட்டார். யாரும் சொல்லாமலே என் தலையில விழும். என் வேல போயிடும். அதான் அமுக்கி வெச்சேன்."

"எனக்கும் யாரும் சொல்லலியே அண்ணி. சொல்லாமலேதான் விழுந்துச்சு."

அண்ணி பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா வந்து கேட்டிருக்கலாமே," என்றாள் சின்னு, குரல் இறங்கி.

"என்னன்னு கேக்கறது? போகாதேன்னா? நான் வேலைக்குப் போகணும், அதுக்கு உன் வாழ்க்கையக் குடுன்னா? வாய் வரல."

"கேட்டிருந்தா இருந்திருப்பேன்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதான் எனக்குப் பயம்," என்றாள் சின்னு. "நீங்க கேட்டா இருந்துடுவேன். அண்ணன் ஒரு தடவ முகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா இருந்துடுவேன். அதனாலதான் இங்க சொல்லாம அங்க போய் எழுதினேன். எழுதி ஊர் பூரா படிச்சுட்டா அப்புறம் பின்வாங்க முடியாதில்ல."

ஹாலிலிருந்து மாமா சத்தம் போட்டார். "வண்டி ஏன் நிக்குது?"

"சிக்னல்ப்பா!" என்று சின்னு பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

"இப்ப கேக்கட்டுமா?" என்றாள் அண்ணி. கேட்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. ஆனாலும் கேள்வி தொண்டையிலிருந்து தானாக வெளியே விழுந்துவிட்டது.

"கேக்காதீங்க அண்ணி. உங்களக் கும்புடறேன்."

அண்ணி வாயை மூடிக்கொண்டாள். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் சின்னுவுக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சின்னு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அண்ணி திருத்தி அனுப்பியதை மேலிருந்து கீழே ஒருதரம் படித்தாள். "பிரேக் இருக்கட்டும்," என்றாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த மாதிரி சொல்ல வரல."

சம்மதம் என்று அழுத்தினாள்.

இனி அண்ணியின் முறை. அவள் மடிக்கணினியை மேடையில் பாலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாள். 'வெளியிடு' என்ற பொத்தான் எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருந்தது. தினமும் கை அதைத் தேடாமல் அழுத்தும். இன்றைக்கு அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லணுமா?" என்றாள் சின்னு.

"சொல்லணும். திங்கக்கெழம சொல்றேன். வேல இருக்குதோ இல்லியோ."

"அப்ப எனக்காக இத..."

"உனக்காக இல்ல," என்று அண்ணி எரிந்து விழுந்தாள். "பதிவு நல்லா இருக்கு. அதுக்காக."

வெளியிட்டாள். மடல் போகவேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமா நாற்காலியில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் கிரீஸ். கழுவிக்கொண்டு வந்து, அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சோபாவில் காலை நீட்டினார். அப்பாவுக்கு அவர் செய்யும் தினசரிக் கைங்கரியம் அந்த ஒரு தட்டுதான். கெட்ட மனுஷர் இல்லை. கீழே ஒரு ஆள் தாங்கிப் பிடித்திருக்கும்வரை எந்த லிஃப்டும் விழாது என்று நினைக்கிற ரகம்.

போனை எடுத்தார். அண்ணி சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னு உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள், கழுவுவதற்குப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

முதல் பதிவைப் படித்தார். உச்சுக்கொட்டினார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதுக்கு வந்ததும் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வந்துவிட்டது என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க வாயேன்," என்றார் லிஃப்ட்காரர். "யாரு இது, ஜன்னலோரம்? என்னமா எழுதியிருக்கா! அவங்கப்பாவும் ஒரு மாதிரி நம்மப்பா கணக்காத்தான் இருக்கார் பாரு. காலால பிரேக் போடறாராம்."

அண்ணி கண்ணைத் திறந்தாள்.

"பாவம், தனி ஆளாப் பாத்திருக்கா இத்தன வருஷம். ஒரு அண்ணன் வேற இருக்கானாம். என்ன ஜென்மமோ அவன்! கூடப்பொறந்தவ தேயறது கண்ணுக்குத் தெரியாதா? சொல்லக்கூடப் பயந்துக்கிட்டுக் கிளம்பறா பாரு."

குழாய்ச் சத்தம் நின்றது.

"நான் எழுதப்போறேன்," என்றார் அவர். இரண்டு கட்டைவிரலாலும் மும்முரமாகத் தட்ட ஆரம்பித்தார். நடுநடுவே நிறுத்திக் கூரையைப் பார்த்து யோசித்தார்.

கமென்ட்டும் அண்ணியின் கையைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். அவள் போன் மெல்ல அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'ஏணி' எழுதியிருந்தார்.

'சகோதரி, யாருக்கும் பயப்படாமல் கிளம்புங்கள். நீங்கள் செய்தது போதும். உங்கள் அண்ணன் மனிதனாக இருந்தால் இனிமேல் அவன் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் அவனைப் பெற்ற அப்பாவை அவன் மறந்துவிட்டான் என்று அர்த்தம்.'

சின்னு பின்னால் வந்து நின்று அண்ணியின் தோள்வழியே படித்தாள்.

"விதி ஏதாவது இருக்கா இதுக்கு?" என்றாள் சின்னு மெதுவாக.

"திட்டினா எடுத்துடணும்," என்றாள் அண்ணி. "உண்மைய எழுதினா எடுக்க முடியாது." அனுமதித்தாள்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றார் லிஃப்ட்காரர் சோபாவிலிருந்து. "அதுக்குள்ள ஏழு பேர் லைக் போட்டுட்டாங்க. ஒருத்தர் எழுதியிருக்கார், உங்கள மாதிரி அண்ணன் கெடச்சா குடுத்து வெச்சவங்கன்னு."

சின்னு ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தாள். அண்ணன் எதிரில் நின்றாள்.

"அண்ணா."

"ம்?"

"நீ எழுதினதப் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்க."

"பின்ன? மனசுல பட்டத எழுதினேன்."

"ஒண்ணாம் தேதிக்கு அவ இன்னும் டிக்கெட் எடுக்கல அண்ணா. நீயே ஒண்ணு எடுத்துக் குடுத்துடேன்."

அவர் சிரித்துக்கொண்டே, "நான் எப்படி எடுக்க..." என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றார். தங்கையைப் பார்த்தார். மர நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார், அதில் லைக் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியில் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கமென்ட்ட எடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.